மரத்தூள் ஒட்டாத ஸ்கீ

அத்தியாயம் 6

"போட மாட்டேன்," என்றாள் கெர்த்து.

இது மூன்றாவது தடவை. குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை ஒரே விரலால் தள்ளிவிட்டாள். அது மேசைமேல் வழுக்கிக்கொண்டு போய்க் கடுகுக் குப்பியில் முட்டி நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த உர்ப்போ பேனாவை மூடவில்லை. நகராட்சியின் விளையாட்டுத் துறை அதிகாரி. நல்ல கம்பளிக் கோட்டு, மடிப்புக் கலையாத கால்சட்டை, பளபளக்கும் தோல் ஷூ.

"கையெழுத்துப் போட்டா உன் வேலை மட்டும் போகும், கெர்த்து. போடலைன்னா உங்க ஊர்ச் சங்கத்து மேலயே வழக்கு வரும். ஒரு மனுஷனுக்கு மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. நீ போட்ட ஸ்கீ தடத்துல பலகை கிடந்திருக்கு. இதுல பேச என்ன இருக்கு?"

"விடியறதுக்கு முன்னாடி ரெண்டரை கிலோமீட்டரும் நடந்து பார்த்தவ நான். என் தடத்துல ஒரு குச்சி கிடையாது. பலகை எப்படி வந்துச்சு? பறந்து வந்து படுத்துக்கிச்சா?"

"சாயங்காலம் நாலு மணிக்கு இவங்க பஸ் கிளம்பும். அதுக்குள்ள முடிவு பண்ணு."

"முடிவு பண்ணியாச்சு. போட மாட்டேன்."

நான் அதே குடிலில் அடுப்போரம் உட்கார்ந்து சாசேஜ் மென்றுகொண்டிருந்தேன். பெஞ்சுக்கு அடியில் என் முழங்காலில் ஒரு உதை விழுந்தது. சைமி. அவள் உதைத்தால் ஒரே அர்த்தம்தான். எழுந்திரு, வேலை வந்திருக்கிறது.

"ஆபீசரம்மா, நான் இன்னைக்கு லீவு," என்றேன் காதோரமாக.

"ரெண்டு சுத்து போட்டுட்டு மூணு சாசேஜ் தின்னிருக்கே. லீவு முடிஞ்சுது. வா."

சைமி முப்பது வருஷம் எல்லைச் சாவடியில் மற்றவர்கள் பெட்டியைக் கிளறிச் சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்றபிறகும் கை சும்மா இருக்கவில்லை. நான் மர ஆலையில் முப்பத்துநாலு வருஷம் ரம்பத்துக்கு முன்னால் நின்றவன். முதுகையும் ஒரு சுண்டுவிரலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கண்டுபிடிப்பது அவள் வேலை. வாயடிப்பது என் வேலை. இருவருக்கும் யாரும் சம்பளம் தருவதில்லை.

எங்கள் ஆலைத் தொழிலாளர் ஸ்கீ சங்கம் ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் ஒரு நாள் பனியில் சறுக்க வடக்கே வரும். விடிகாலை நாலு மணிக்கு பஸ். ஊரில் அப்போது மழையும் சேறும்தான். இங்கே ஹார்மாவாராக் குன்றடியில் தடம் தயாராக இருக்கும். புதுப்பனி இல்லை, போன பனிக்காலத்துப் பனி. ஏப்ரலில் குவித்து, ஒரு முழம் உயரத்துக்கு மரத்தூள் போர்த்தி, கோடை வெயிலிலிருந்து காப்பாற்றி, இந்த மாதம் பிரித்துக் காட்டுக்குள் வளையமாகப் பரப்புவாள் கெர்த்து. பத்தொன்பது வருஷமாக அவளும் அவள் டிராக்டரும்தான்.

வெளியே வந்ததும் கெர்த்து எங்கள் பின்னாலேயே வந்தாள். மூக்குத் துவாரம் விரிந்திருந்தது.

"தெக்கேருந்து ஒரு ஹோட்டல் கம்பெனி இந்தக் குன்றைக் கேக்குது," என்றாள். "எங்க ஊர்ச் சங்கத்துக்குக் குத்தகை இருக்கற வரைக்கும் நகராட்சியால குடுக்க முடியாது. என் கவனக்குறைவுன்னு நானே எழுதிக் குடுத்தா குத்தகை ரத்து. ஊர்ல இருக்கறதே பதினோரு வீடு. பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க, கடையை மூடிட்டாங்க. இதையும் மூடிட்டா இந்த ரோட்டுல பஸ் எதுக்கு நிக்கணும்?"

"மூத்திரம் போக," என்றேன்.

அவள் முறைத்தாள். பிறகு வாய் ஓரம் லேசாகக் கோணியது. இவளிடம் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"விழுந்தவரைப் பத்திச் சொல்லு," என்றாள் சைமி.

விழுந்தவர் கலெர்வோ. எங்கள் சங்கத் தலைவர், மாகாண சாம்பியனாக இருந்தவர், வயது அறுபத்தெட்டு. பன்னிரண்டே காலுக்கு, நீராவிக் குளியல் போடும் சவுனாக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில், தடத்தோரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பனியில் பாதி புதைந்த ஒரு பலகை. மூன்று சுற்று முடித்து நாலாவதில் தடுக்கி விழுந்ததாகச் சொன்னார். பத்து நிமிஷத்தில் உர்ப்போவின் கார் வந்தது. வழக்கமான பரிசோதனையாம்.

"மூக்குல ஜோசியக்காரன் உட்கார்ந்திருக்கான் போல," என்றேன். "விபத்து நடந்த வாசனை பிடிச்சு வந்துட்டாரு."

சைமி நேராக ஸ்கீ சாய்த்து வைக்கும் கம்பிக்குப் போனாள். நாற்பத்தோரு ஜோடி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் மெழுகு பூசுவோம். சொரசொரத்த பழைய பனிக்கு டப்பா மெழுகு பிடிக்காது, குழாயிலிருந்து பிதுக்கும் பசை மெழுகுதான் வேண்டும். தடத்துப் பனியில் மிச்சம் கிடக்கும் மரத்தூள் எல்லாம் அந்தப் பசையில் வந்து அப்பிக்கொள்ளும். காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். என் ஸ்கீயின் அடி, மாவில் புரட்டி வறுத்த மீன் மாதிரி இருந்தது. சைமியுடையதும் அப்படியே.

இருபத்தேழாவது ஜோடியில் நின்றாள்.

"இது யாருது?"

"தலைவரோடது. பார்த்தாலே தெரியலையா, சிவப்பு."

"அடியைப் பாரு."

பார்த்தேன். பசை மெழுகு தேன் மாதிரி மினுங்கியது. ஒரு துணுக்கு மரத்தூள் இல்லை.

"காலையில எட்டரைக்கு இதே இடத்துல நின்னு, எப்படிப் பூசணும்னு நமக்கெல்லாம் அரை மணி நேரம் பாடம் நடத்தினார்," என்றாள் சைமி. "மூணு சுத்து. ஏழரை கிலோமீட்டர். ஒரு தூசி ஒட்டலை."

"சாம்பியன் ஆச்சே, தரையில படாமப் பறந்திருப்பார்."

"தடத்துல அவரை யாராவது பார்த்தீங்களா?"

யோசித்தேன். காட்டுக்குள் வளையம். எல்லோரும் ஒரே திசையில் போகிறோம். தலைவரை நான் பார்க்கவில்லை. முன்னால் போயிருப்பார் என்று நினைத்தேன். சாம்பியனைப் போய் எட்டிப் பிடிக்க முடியுமா? நாற்பது பேரும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

"அடப்பாவி," என்றேன். "மனுஷன் தடத்துல காலே வைக்கலை! பலகையை அவரே போட்டுட்டு அவரே உட்கார்ந்துக்கிட்டாரு!"

"அவசரப்படாதே. முதல்ல பலகையைப் பார்ப்போம்."

பலகை சவுனாச் சுவரோரம் சாய்ந்திருந்தது. கெர்த்து அதை எட்டி உதைத்தாள். "இது என்னுது இல்ல. என்கிட்ட இருக்கறது எல்லாம் பைன் மரம்."

இது என் இடம். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினேன். ஓரத்தை முகர்ந்தேன், பிறகு பல்லால் லேசாகக் கடித்தேன்.

"காபிக்கு ஏலக்காய் பன் இருக்குது, இதைத் திங்காதே," என்றாள் சைமி.

"ஆபீசரம்மா, நீ சூட்கேஸைப் பாரு. மரத்தை என்கிட்ட விடு. இது ஆஸ்பென் மரம். பிசின் கிடையாது, சிராய் கிடையாது. வெளியில போட்டா ரெண்டு வருஷத்துல உளுத்துடும். அதனால வேலிக்கோ பாலத்துக்கோ இதை எவனும் அறுக்க மாட்டான். இன்னொண்ணு பாரு. திருகாணி ஓட்டை நாலு. நாலும் அடிப்பக்கம் மட்டும். மேல்பக்கம் வழவழன்னு இருக்கு. ஏன்?"

"சொல்லு, துடிக்காதே."

"மேல இரும்பு தெரிஞ்சா உட்கார்றவன் பின்பக்கம் வெந்துடும். இது சவுனா பெஞ்சுப் பலகை."

மூன்று பேரும் பக்கத்தில் இருந்த சவுனாவைப் பார்த்தோம். புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. ரெண்டு மணிக்குப் பெண்கள் முறை, மூணு மணிக்கு ஆண்கள் முறை.

"பதினொரு மணிக்கு நான்தான் தரையைக் கழுவினேன்," என்றாள் கெர்த்து மெதுவாக. "பெஞ்சு முழுசா இருந்துச்சு. வாளி வாளியாத் தண்ணி ஊத்தித் தேய்ச்சு, அப்படியே காயவிட்டு வந்தேன்."

மணி ரெண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். சைமியும் கெர்த்துவும் அவர்களோடு உள்ளே போனார்கள். நான் கதவுக்கு வெளியே மைனஸ் ஆறில் நின்றேன். துப்பறியும் தொழிலில் எனக்கு மட்டும் எப்போதும் இந்தப் பக்கம்தான் கிடைக்கும்.

கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியே ஆவியும் சைமியின் குரலும் வந்தன.

"கீழ்ப்படியில ஒரு பலகை காணோம். நாலு திருகாணியும் ஓரமா வரிசையா வெச்சிருக்கான்."

"ஒழுக்கமான திருடன்."

"அதைவிட ஒழுக்கம். உடுப்பு மாத்தற அறையில கெர்த்து கழுவின தரை அப்படியே இருக்கு. ஷூ தடம் ஒண்ணு கூட இல்ல. மண் இல்ல, மரத்தூள் இல்ல."

"அப்ப உள்ள எப்படிப் போனான்?"

"வாசல்ல கழற்றி வெச்சுட்டுப் போயிருக்கான்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகுதான் உறைத்தது. நம் ஆட்களில் யார் சவுனாவுக்குள் ஷூவோடு போவான்? வீடு பற்றி எரிந்தாலும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் அணைக்கப் போவோம். அம்மா கையால் அடி வாங்கிப் படிந்த பழக்கம். திருடப் போனாலும் கால் அதை மறக்காது.

"ஆர்வி, இருக்கியா?"

"விறைச்சுப்போய் இருக்கேன்."

"பதினொண்ணுக்குத் தரை முழுக்கத் தண்ணி. பன்னிரண்டு வாக்குல ஒருத்தன் வெறும் காலுறையோட அதுல நடந்து, திருகாணி கழற்றி, பலகையைத் தூக்கிட்டு வந்திருக்கான். கலெர்வோவா இருக்க முடியுமா?"

"உடைஞ்ச கையால திருகாணி கழற்ற முடியாதே."

"கை அப்புறமா உடைஞ்சிருந்தா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கலெர்வோவுக்கு மணிக்கட்டில் கட்டுப் போடும்போது ஸ்கீ பூட்ஸைக் கழற்றிவிட்டது நான்தான். "அவர் காலுறை அடுப்புல சுட்ட ரொட்டி மாதிரிக் காய்ஞ்சு இருந்துச்சு, ஆபீசரம்மா. நானே தொட்டேன்."

"அப்ப போய் ஈரக் காலுறையைத் தேடு."

"அடுப்பு மேல கொடியில நாற்பது ஜோடி ஈரக் காலுறை தொங்குது! எல்லாரும் பனியில புரண்டவங்க!"

"பனியில புரண்டவனுக்குப் பூட்ஸும் நனைஞ்சிருக்கும். காலுறை நனைஞ்சு, ஷூ நனையாத ஆளைப் பாரு. போ. எனக்குப் பனிக்காத்து வருது, கதவை மூடு."

மூன்று மணிக்கு எல்லோரும் குடிலில் இருந்தார்கள். ஆண்கள் துண்டோடு கிளம்பப் போக, சைமி கதவை மறித்து நின்றாள். முகம் சிவந்து, தலைமுடி ஈரமாக, கையில் ஒரு ஜோடி காலுறை. கறுப்பு, மெல்லியது, பட்டு மாதிரி. நான் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

"இது யாருது?" என்றாள்.

எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் முரட்டுக் கம்பளி. இதைப் போட்டுக்கொண்டு ஸ்கீ பண்ணினால் கால் விரல் வீட்டுக்கு வராது.

"யாருக்கும் வேண்டாமா? அப்ப நான் எடுத்துக்கறேன்," என்றேன். "கல்யாணத்துக்குப் போட்டுக்கலாம்."

நான் சொல்லிக்கொண்டே உர்ப்போவின் மேசைக்கடியில் பார்த்தேன். தோல் ஷூவுக்கும் கால்சட்டை மடிப்புக்கும் நடுவே கணுக்கால் தெரிந்தது. தோல் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி வெள்ளையாக. வெளியே மைனஸ் ஆறு.

"அதிகாரி, தலைநகர்ல இப்ப இதுதான் நாகரிகமா?" என்றேன்.

உர்ப்போ காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "பனியில காலை வெச்சுட்டேன். நனைஞ்சுது. காயப் போட்டேன். அதிலே என்ன?"

"ஷூவைக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள் சைமி.

"எதுக்கு?"

"பனியில காலை வெச்ச ஷூவாச்சே."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஷூ பளபளத்தது. ஒரு துளி ஈரமோ உப்புக் கோடோ இல்லை. காலை வைத்தபோது ஷூவைக் கையில் பிடித்திருந்தால்தான் அப்படி இருக்கும்.

"கெர்த்து பதினொரு மணிக்குச் சவுனாவைக் கழுவிவிட்டா," என்றாள் சைமி. "வாசல்ல ஷூவைக் கழற்றிட்டுப் போயிருக்கீங்க. நல்ல வளர்ப்பு. ஈரத்துல மண்டி போட்டு நாலு திருகாணி கழற்றியிருக்கீங்க. பலகையைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல போட்டீங்க. அப்புறம் காரை ரோட்டுக்குக் கொண்டுபோய், இப்பதான் வர்ற மாதிரி வந்து இறங்கினீங்க."

"ஒரு ஜோடி காலுறையை வெச்சுக்கிட்டு ஒரு அரசாங்க அதிகாரி மேல..." உர்ப்போ எழுந்தார். குரல் திடமாகத்தான் இருந்தது. "சரி, அப்படியே வெச்சுக்குவோம். நான் எதுக்குப் பலகை போடணும்? இவர் விழப்போறார்னு எனக்குக் கனவா வந்துச்சு? அடிபட்டவர் இதோ உட்கார்ந்திருக்கார். பலகை தடுக்கி விழுந்தேன்னு அவரே சொல்றார். அவரைக் கேளுங்க!"

நாற்பது தலைகளும் கலெர்வோ பக்கம் திரும்பின.

உண்மையைச் சொன்னால் அங்கேதான் சைமியின் கையில் சீட்டு தீர்ந்துபோனது. மரத்தூள் ஒட்டாத ஸ்கீயைக் காட்டினால் அவர் தடத்தில் இறங்கவில்லை என்று மட்டும்தான் ஆகும். அவர் வாய் திறக்காவிட்டால் உர்ப்போ சிரித்துக்கொண்டே வண்டி ஏறுவார். சைமி ஸ்கீயைப் பற்றிப் பேசவே இல்லை. அவரை அவமானப்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

கெர்த்துவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"தலைவரே, வருஷா வருஷம் நான் விரிச்ச பனியில போயிருக்கீங்க. ஒரு தடவையாவது நான் கல்லு விட்டிருக்கேனா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. பலகை தடுக்கியா விழுந்தீங்க?"

கலெர்வோ தரையைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து மறு கையால் மூடினார்.

"கக்கூஸ் படியில," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"கக்கூஸ் படியில வழுக்கி விழுந்தேன்!" இப்போது கத்தினார். எழுந்து நின்றார். "படி உறைஞ்சு கிடந்துச்சு. கால்சட்டையைச் சரியா ஏத்திக்கக்கூட இல்ல. போதுமா? நான் தடத்துல இறங்கவே இல்ல. இடுப்பு போயிடுச்சு. ரெண்டு பனிக்காலமா ஸ்கீயில நின்னதே கிடையாது. காலையில மெழுகு பூசிட்டு, நீங்க எல்லாம் போனப்புறம் பனிக்குவியலுக்குப் பின்னால போய் உட்கார்ந்திருந்தேன். ரெண்டரை மணி நேரம்! விழுந்தப்போ இந்த ஆளு காரோட அங்கே நின்னுக்கிட்டிருந்தான். 'சாம்பியன் கக்கூஸ்ல விழுந்தார்னு சொல்றதா, தடத்துல விழுந்தார்னு சொல்றதா? நீங்க பள்ளத்துல போய் உட்காருங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்'னான். எனக்கு வெக்கமா இருந்துச்சு. போய் உட்கார்ந்தேன்."

மூச்சு வாங்கினார். பிறகு தாடையை நிமிர்த்தி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சிரிக்கறவங்க சிரிச்சுக்கோங்க. ஆனா இவ போடற தடத்துல பழுது இல்ல. அதை எந்த நீதிமன்றத்துலயும் வந்து சொல்வேன். கக்கூஸ் படியையும் சேர்த்தே சொல்வேன்."

என் நாக்கில் நாலு நகைச்சுவை தயாராக இருந்தது. நாலையும் விழுங்கினேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

சிரித்தவள் கெர்த்து ஒருத்திதான். பெரிய சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ரெண்டரை மணி நேரமா என் பனிக்குவியலுக்குக் காவல் இருந்தீங்களா? சொல்லியிருந்தா காபி கொண்டாந்து குடுத்திருப்பேனே!"

உர்ப்போ காகிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். சைமி நீட்டிய காலுறையை வாங்கிப் பையில் திணித்தார். கதவருகே நின்று திரும்பினார்.

"இது இதோட முடியாது. திங்கட்கிழமை மேலிடத்து உத்தரவோட வருவேன்."

"வாங்க," என்றாள் கெர்த்து. "நாற்பத்தோரு சாட்சி விலாசத்தையும் எழுதி வெச்சிருப்பேன். படிச்சுட்டுப் போகலாம்."

கார் போன சத்தம் அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பஸ் டிரைவர் என்ஜினைப் போட்டுச் சூடேற்ற ஆரம்பித்திருந்தார். ஆண்கள் சவுனா போச்சே என்று யாரோ ஒருவன் முனகினான்.

கெர்த்து தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக் காலையில எட்டு மணிக்கு இன்னொரு ஊர் பஸ் வருது. பள்ளத்துல வேடிக்கை பார்க்கறேன்னு வந்து எல்லாரும் மிதிச்சுத் தடத்தை மண்ணாக்கி வெச்சிருக்கீங்க. குவியல்ல இன்னும் பனி இருக்கு. கொட்டகையில பன்னிரண்டு மண்வாரி இருக்கு. கிளம்பறவங்க கிளம்புங்க, நான் தடுக்கலை."

யாரும் கிளம்பவில்லை. முதல் மண்வாரியை எடுத்தவர் கலெர்வோ, இடது கையால். சைமி அவரை வழிமறித்தாள்.

"நீங்க முதல்ல டாக்டரைப் பார்க்கணும். ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர்."

"எலும்பு ஏற்கெனவே உடைஞ்சுடுச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல புதுசா என்ன உடையப்போகுது?" என்றார் அவர். "நகரு."

கெர்த்துவின் டிராக்டர் உறுமிக்கொண்டு குவியலை நோக்கிப் போனது. நாங்கள் பின்னால் நடந்தோம். என் முதுகு வழக்கம்போல் முனகியது, நான் காதில் வாங்கவில்லை. டிரைவர் பஸ் ஜன்னலைத் திறந்து மணியைக் காட்டினார். ஒருவரும் திரும்பிப் பார்க்காததைக் கண்டு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு என்ஜினை அணைத்துவிட்டுக் கையுறையைத் தேடினார்.